வெட்டின இடத்துச் சொல்

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் எங்கே முடிப்பதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது. எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டால் சொல்ல முடியாது. போர் முடிவதற்குக் கொஞ்சம் முந்தி, மழைக்காலம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கிழமையில் எந்த நாள் என்ன நடந்தது என்பது மட்டும் மறக்கவில்லை. காணாமல் போனவர்களின் கதைகளைச் சேர்க்கிற நீங்கள் கேட்டபோது, பெயர் எதுவும் போடமாட்டேன் என்று சொல்லித்தான் எழுத ஒத்துக்கொண்டேன்.

அப்போது நான் கண்டி ரவுணில் ஒரு சின்னக் கந்தோரில் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். சாமான் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறை. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் குடும்பங்களுக்காகக் கடிதம் எழுதுகிற இடம் அது. படி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

நானும் அந்தப் படியில் உட்கார்ந்தவள்தான். பிறந்தது பன்வில பக்கம் தோட்டத்தில். கலவரத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்தன. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. கைக்குழந்தையோடு கட்டுகஸ்தோட்டைக்கு வந்து ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பின் அறையில் குடியிருந்தேன். அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறினால் வாயைத் திறக்கமாட்டோம். பொட்டு வைத்தவர்கள் அதை அழித்துவிட்டு, காசை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வந்தால் எழுந்து நிற்போம், கண்டக்டர் புரிந்துகொள்வான். வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும். இயல்பாகவே கூச்சக்காரி நான், அந்த வருடங்கள் என்னை இன்னும் ஊமையாக்கிவிட்டன.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. ரவுணில் ஒரு துணிக்கடையில் வேலை. ஒரு நாள் காலையில் பாலத்தடியில் ஆமி பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்தபோது அவனை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று பின்னேரம் கண்டக்டர்தான் வீடு தேடி வந்தார், சிங்கள ஆள். மகனின் சோற்றுப் பார்சலைக் கையில் வைத்திருந்தார். ஆசனத்தில் விட்டுப் போயிருக்கிறான். "அம்மா, மகன் கொண்டு போச்சு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பார்சலைப் பிரித்தேன், கத்தரிக்காய்க் குழம்பு ஊசிப்போயிருந்தது.

பதினொரு மாதம் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கூட்டலாமே என்று விளக்குமாற்றை எடுத்ததுதான், பிறகு அதுவே வேலையாகிவிட்டது.

கந்தோரில் கம்ப்யூட்டர் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட வயது குறைந்தவர், நான் மிஸ் என்று கூப்பிடுவேன். காலையில் எங்கேயோ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் படிப்பித்துவிட்டு மத்தியானம் எங்களிடம் வருவார். குடும்பத்தோடு இடம் பெயர்ந்து பெயர்ந்து, கடைசியில் கண்டிக்கு வந்து சேர்ந்தவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார்.

ஒரு புதன்கிழமை அந்தப் பட்டியல் வந்தது. தெற்கே ஒரு முகாமில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விபரம். சட்டத்தரணிகளோடு போன ஒரு பழைய கணக்கப்பிள்ளை, எங்கள் மலைநாட்டு ஆள், வாசலில் உட்கார்ந்து காதால் கேட்டதை எழுதி, பிறகு ஏதோ கடையில் அடித்து ஈமெயிலில் அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்தபோது வரிகள் எல்லாம் குழைந்து ஒன்றாகிப் போயிருந்தன. தலையில் இருந்து கால் வரைக்கும் ஒரே நீட்டு.

"அக்கா, இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்கோ. ஒரு புள்ளி இல்லை, ஒரு கொமா இல்லை. மனிசன் மூச்சு விடாமல் அடிச்சிருக்கிறார்."

"கணக்கப்பிள்ளைமாரு எங்கங்க மிஸ் மூச்சு விட்டாங்க, மலையேறி நாங்கதான் விட்டோம்" என்றேன். நான் பகிடி சொன்னது அவருக்கே ஆச்சரியம். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நீட்டுக்கு அவர் வைத்த பெயர் சரம். கம்ப்யூட்டர் புத்தகத்தில் அப்படித்தானாம். அதற்குள் இன்னார் மகன் இன்னார், இன்ன தோட்டம், பிறகு ஒரு சொல், உடனே அடுத்த ஆள். சிலருக்குத் தகப்பன் பெயர் இரண்டு சொல், சிலருக்குத் தோட்டத்தின் பெயரே மூன்று சொல். அதனால் இடைவெளியை எண்ணி வெட்ட முடியாது. நம்பக்கூடியது அந்த ஒரு சொல்தான். அது நாலில் ஒன்றாக இருக்கும்: உள்ளே, மாற்றம், விடுதலை, இல்லை.

உள்ளே என்றால் இன்னும் முகாமில் இருக்கிறார். மாற்றம் என்றால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விடுதலை என்றால் விட்டுவிட்டார்கள். இல்லை என்றால், அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிடித்துக்கொண்டு போனதைத் தெருவே பார்த்திருக்கும், இருந்தும் இல்லை. அந்தச் சொல் விழுந்தவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மிஸ் அந்த நாலு சொல்லையும் எழுதி, நடுநடுவே ஒரு நிமிர்ந்த கோடு போட்டார். இதுவோ, இதுவோ, இதுவோ, இதுவோ, எது வந்தாலும் அந்த இடத்தில் வெட்டு என்று அதற்கு அர்த்தமாம். அமத்தினார். பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அழகாக வந்து நின்றன. மகன் பெயர் இருந்தது. தகப்பன் பெயரும் தோட்டமும் சரி.

"என்ன சொல் போட்டிருக்குங்க மிஸ்?"

அவர் மேலும் கீழும் பார்த்தார். "சனியன். வெட்டின இடத்துச் சொல்லைத் திண்டுட்டுது அக்கா."

கட்டுகஸ்தோட்டையில் மரம் அறுக்கிற இடத்தைத் தினமும் தாண்டித்தான் வருவேன். வாள் போகிற அகலத்துக்கு மரம் தூளாகிக் கீழே கொட்டும். அதுபோலத்தான். பெயர்கள் மிஞ்சின, தலையெழுத்து தூளாகிப் போனது.

"பொறுங்கோ, அதுக்கும் வழி இருக்கு" என்று மிஸ் அந்த நாலு சொல்லையும் சேர்த்து ஒரு வளைவுக்குள் போட்டார். வளைவுக்குள் போட்டால் வெட்டின சொல்லையும் எறியாமல் திருப்பித் தருமாம். தந்தது. ஒரு வரி பெயர், ஒரு வரி சொல், ஒரு வரி பெயர், ஒரு வரி சொல். இனி எந்தச் சொல்லை எந்தப் பெயரோடு ஒட்டுவது என்பதுதான் மிச்சம். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் போய்விட்டேன்.

வியாழக்கிழமை வந்தபோது பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. என் மகனின் பெயருக்கு முன்னால் விடுதலை என்று இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று படிகளை இரண்டு தரம் கழுவினேன். வீட்டுக்குப் போய் அவன் சட்டை இரண்டையும் எடுத்துத் துவைத்துப் போட்டேன். விட்டுவிட்டார்கள் என்றால் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. காசில்லாமல் நடந்து வருகிறானோ, யார் வீட்டிலாவது படுத்துக் கிடக்கிறானோ என்று ஆயிரம் சமாதானம்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். குண்டசாலையில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள், எங்கள் பக்கத்து ஆள்தான், ஏழு மாத வயிறு. அவளுடைய புருஷன் பெயர் பட்டியலில் என் மகனுக்கு அடுத்ததாக இருந்தது. அவளுக்கு வாசிக்க வராது.

"அக்கா, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

நான் வாசித்தேன். இல்லை என்று வாசித்தேன்.

"என்னா இல்ல?"

"அப்படித்தான் போட்டிருக்கும்மா."

"ரெண்டு மாசத்துக்கு முந்தி கடிதாசி வந்துச்சே. அவரு கையெழுத்துப் போட்டிருக்குன்னு வேல வீட்டு நோனாகூட வாசிச்சுச் சொன்னாங்களே. எப்படி இல்லாம போவாரு?" என்று கேட்டாள். கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள், நான்தான் எழுதினவள் மாதிரி.

மிஸ் அவளை உட்காரவைத்து விளக்கினார். உள்ளே என்று இருக்கிறவர்களைப் பார்க்க அனுமதி கேட்டு அடுத்த புதன்கிழமை ஒரு மனு போகிறது, அதில் உள்ளே உள்ளவர்களின் பெயரை மட்டும்தான் போட முடியும், இல்லை என்று வந்தவர்களுக்கு வேறு இடத்துக்கு எழுத வேண்டும், அதற்கு நாளாகும் என்றார். எங்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று உண்டு. உள்ளே இருக்கிற ஒருவரை யாரும் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் அவரும் ஒரு நாள் இல்லை ஆகிவிடுவார். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நான் பன்விலவுக்குப் போனேன். விடுதலை என்று வந்திருக்கிறது என அங்கே இருக்கிற அண்ணியிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. லயத்துக்கு ஏறுகிற வழியில் ஒரு காம்பரா வீட்டு வாசலில் ஒரு பையன் குந்தியிருந்தான். தலை மொட்டை. பார்த்ததும் தெரிந்தது. பட்டியலில் என் மகனுக்கு முந்தின பெயர் அவனுடையது. அவனுக்கு மாற்றம் என்று போட்டிருந்தது.

உள்ளேயிருந்து அவன் அம்மா ஓடி வந்தாள். "வந்துட்டான்டி! மூணு வாரமாச்சு. விட்டுட்டாங்க. சோறுதான் எறங்க மாட்டேங்குது, பேச்சும் இல்ல. நீ ஏதாச்சும் கேளு, உன் மகனோடதானே இருந்தான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க அத்தை" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். கால் பெருவிரலால் மண்ணைக் கீறினான். நான் எதுவும் கேட்கவில்லை. அண்ணி வீட்டுக்கும் போகவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அது எனக்கு விளங்கிவிட்டது. படிக்காதவள்தான், ஆனால் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பதினைந்து வருடம் நின்றிருக்கிறேன். விடியக்காலையில் கணக்கப்பிள்ளை பெயரை வாசிப்பார், நாங்கள் ஆள் இருக்கு என்போம், அதற்குப் பிறகுதான் பெயருக்குப் பக்கத்தில் கோடு விழும். முதலில் பெயர், பிறகு கோடு. அந்தக் கை எழுதின பட்டியல் இது. முகாம் வாசலிலும் அவர் அப்படித்தான் எழுதியிருப்பார், பெயரைக் கூப்பிட்டதும் பெயர், பதில் வந்ததும் சொல். மிஸ் அதைத் திருப்பி ஒட்டிவிட்டார். சொல்லை எடுத்து அதற்குப் பின்னால் வருகிற பெயரோடு சேர்த்துவிட்டார். அந்தப் பையனின் விடுதலை என் மகனுக்கு வந்துவிட்டது. என் மகனின் சொல் அந்தக் குண்டசாலைப் பெண்ணின் புருஷனுக்குப் போய்விட்டது.

என் மகனின் சொல் எது என்று நான் வாயால் சொல்லிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் மறுபடி வந்தாள். மாமியார் வீட்டில் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள், கழற்றினால் பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்டாள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி அள்ளிப் போட்டேன். குடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நின்றேன், கோப்பையை வாங்கிக் கழுவினேன். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். அன்றும் கொடுத்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, உள்ளபடி எழுதுகிறேன். எனக்குக் கூச்சம், மிஸ் படித்தவர், அவர் செய்ததைப் பிழை என்று நான் எப்படிச் சொல்வேன் என்றெல்லாம் நினைத்தது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. நான் வாயைத் திறக்காதவரைக்கும் சுவரில் என் மகன் விடுதலையாக இருந்தான். காலையில் கூட்டும்போது போய்ப் பார்ப்பேன். இருக்கும்.

புதன்கிழமை மிஸ் மனுவைக் கட்டிக்கொண்டிருந்தார், தபால் பன்னிரண்டு மணிக்கு. உள்ளே என்ற பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து அடையாளம் போட்டார். குண்டசாலைப் பெண் வெளியே படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வேலை வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறாளோ, தினமும் வந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன்.

"மிஸ், பிரட்டுல பேரு வாசிச்சப்புறந்தாங்க கோடு போடுவாங்க."

"என்னக்கா?"

"மொதல்ல கோட்டப் போட்டுட்டு யாருங்க பேரு வாசிப்பாங்க?"

அவருக்கு விளங்கவில்லை. நான் சுவரருகே போய்ப் பட்டியலின் தலையைக் காட்டினேன். முதல் பெயருக்குச் சொல்லே இல்லை. பிறகு அடியைக் காட்டினேன். அங்கே பெயரே இல்லாமல் உள்ளே என்று ஒரு சொல் தனியாக நின்றது.

"அது தெரியும் அக்கா. வரேக்க தலையும் வாலும் அறுந்து வந்திருக்கும் எண்டு நினைச்சன். எங்கட அகதி முகாமில பதியேக்க முதல்ல நிலைமை, பிறகுதான் பேர். அந்தப் பழக்கத்தில…" என்று சொல்லிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார்.

"ஒண்ணும் அறுகலைங்க. எல்லாம் ஒரு ஆளு கீழ எறங்கியிருக்கு. பன்விலயில அந்தப் பையன் வீட்டுக்கு வந்துட்டான். நான் பார்த்தேன்."

மிஸ் பட்டியலில் அந்தப் பையனின் பெயரில் விரலை வைத்தார். அதற்கடுத்த சொல்லில் வைத்தார். பிறகு விரல் ஒரு வரி இறங்கியது, அங்கேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா… அப்ப உங்கட…"

"தெரியுங்க மிஸ். நீங்க மாத்துங்க. தபால் போயிரும்."

அவர் உட்கார்ந்து அந்த வளைவைத் திறந்து, சொற்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி, ஒரு சின்ன அம்புத்தலை, ஒரு சமன்குறி என்று சேர்த்தார். பிழையாக விழுந்தது, அழித்து அழித்துப் போட்டார். சொல்லைத் தொடாதே, அதைத் தாண்டி நின்று, அதற்குப் பின்னால் வெட்டு என்று அதற்கு அர்த்தம் என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்திருக்கும். அமத்தினதும் ஒவ்வொரு ஆளும் தன் சொல்லோடு வந்து நின்றார்கள். முதல் ஆளுக்குச் சொல் இருந்தது. கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை.

குண்டசாலைப் பெண்ணின் புருஷன் உள்ளே. மனுவில் பெயர் ஏறியது.

அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முதலில் நம்பவில்லை, மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொல்லவைத்த பிறகுதான் நம்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது தப்புன்னு எப்பக்கா தெரிஞ்சிச்சு?"

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். "சனிக்கிழம" என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப திங்கக்கிழம தேத்தண்ணி குடுத்தீங்களே, அப்பவும் தெரியும்? நேத்தும் தெரியும்?"

"தெரியும்."

"தாலியப் பத்திக் கேட்டப்பவும்?"

நான் தலையை ஆட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, படியில் ஒரு கையை ஊன்றி எழுந்து, மெதுவாக இறங்கிப் போனாள். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டாள். பிறகு ஒரு மாதம் கழித்து அனுமதி கிடைத்து, புருஷனைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள் என்று மிஸ் சொன்னார். கந்தோருக்கு அவள் வருவாள். நான் தேத்தண்ணி நீட்டினால் வேண்டாம் என்பாள்.

அன்று மத்தியானம் பழைய பட்டியலைச் சுவரில் இருந்து கிழித்தது நான்தான். பசை நன்றாகப் பிடித்திருந்தது, தண்ணீர் தொட்டுச் சுரண்ட வேண்டியிருந்தது. புதியதை மிஸ் ஒட்டினார். என் மகனின் பெயர் வருகிற இடத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு ஒட்டினார் என்று நினைக்கிறேன். நான் பிறகு பார்த்தேன். நினைத்த சொல்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்துக்கு எழுதினோம். மிஸ் எழுதுவார், நான் கையெழுத்து வைப்பேன். பதில் வந்தவை எல்லாவற்றிலும் அதே சொல். போர் முடிந்தது. மிஸ் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். கந்தோரை மூடிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை காலமாகிவிட்டார். அந்தப் பன்விலப் பையன் கொழும்புப் பக்கம் போய்விட்டான். அவனிடம் நான் கடைசிவரை கேட்கவில்லை. அதற்கு நான் தயாராகும்போது அவன் இல்லை.

இதில் நான் பிழையாக எழுதியிருக்கலாம். கேட்டு எழுதினது அல்ல, நினைவில் இருந்து எழுதினது. யாராவது சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும். நாட்கள் பிழையாக இருந்தால் திருத்திவிடுங்கள், மிஸ் போட்ட குறிகளும் சரியோ தெரியாது. ஆனால் முக்கியமாக ஒன்றைப் பார்க்க வேண்டும். கணக்கப்பிள்ளை கையால் எழுதின தாள்கள் கந்தோரின் அலுமாரியில் இருந்தன என்றும், மூடும்போது யாரோ எடுத்து வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அவை உங்களில் யாரிடமாவது இருந்தால், பன்விலப் பையனின் பெயருக்கும் குண்டசாலைப் பெண்ணின் புருஷன் பெயருக்கும் நடுவில் என் மகனின் பெயர் மட்டும்தானா என்று பாருங்கள். கடையில் அடிக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம். என் மகனுக்கு வேறு ஒரு சொல் இருந்து, அதற்குப் பிறகு வேறு ஒரு பிள்ளையின் பெயர் இருந்து, அந்த இல்லை அந்தப் பிள்ளையுடையதாக இருக்கலாம். அப்படி இன்னொரு தாய்க்கு நினைக்கிறது பாவம் என்று தெரியும். இருந்தும் பார்த்துச் சொல்லுங்கள்.